டம்பரின் லாக் ஃபைலை எக்ஸெலில் படிக்க: வாசகர் கேள்வி பதில்

சுரங்க டம்பர், டோசர், எக்ஸ்கவேட்டர் தரும் பதிவுகளை எக்ஸெலுக்குக் கொண்டுவருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். முதல் கேள்விதான் மற்றவற்றுக்கு அடிப்படை என்பதால் அதற்கு மட்டும் விரிவான பதில்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் பராமரிப்பில் இருக்கிறேன். டயக்னாஸ்டிக் கனெக்டரில் மாட்டிய கேன் லாக்கர் தந்த சிஎஸ்வி ஃபைலில் நேரம், ஒரு நீண்ட அடையாள எண், எட்டு பைட்டுகள், இவ்வளவுதான் இருக்கின்றன. ஆர்பிஎம், ஆயில் பிரஷர், கூலன்ட் சூடு எல்லாம் எங்கே? வேறு ஒருவர் மாற்றிக் கொடுத்த ஷீட்டில் கூலன்ட் 215 டிகிரி என்று வருகிறது. – ஒரு வாசகர், அரியலூர்

நீங்கள் தேடுவது எல்லாம் அந்த ஃபைலிலேயே இருக்கிறது, பெயர் மட்டும்தான் இல்லை. பெரும்பாலான கனரக டீசல் எஞ்சின்களின் கணினி, வண்டியின் கணினிகளை இணைக்கும் கேன் என்ற தகவல் தடத்தில், எஸ்ஏஇ ஜே1939 என்ற பொது முறையில் தகவல் அனுப்புகிறது. அதைப் பதிவு செய்யும் கருவிதான் லாக்கர். அடையாள எண் 29 பிட் நீளம். முன்னுரிமை, செய்தி எண்ணாகிய பிஜிஎன், அனுப்பிய கணினியின் முகவரி மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

பிஜிஎன்னைப் பிரிக்க, அடையாள எண்ணை ஹெக்ஸிலிருந்து, அதாவது 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறையிலிருந்து, சாதாரண தசம எண்ணாக மாற்றுங்கள். எக்ஸெலில் இதற்கு ஹெக்ஸ்2டெக் சார்பு இருக்கிறது. வந்த எண்ணை 256-ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் வையுங்கள். மீதி வருவது அனுப்பிய கணினியின் முகவரி. 0 என்றால் எஞ்சின். அடுத்து அந்த முழு எண்ணை 262144-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் பிஜிஎன். உதாரணமாக 217056256 என்ற அடையாள எண் முதல் வகுத்தலில் 847876 ஆகும், இரண்டாவதில் மீதி 61444. அதுதான் ஆர்பிஎம் வரும் செய்தி. பிஜிஎன்னை மறுபடி 256-ஆல் வகுக்கும்போது முழு எண் 240-க்குக் கீழே வந்தால், கடைசி பைட் செய்தி போய்ச் சேரவேண்டிய முகவரி என்று பொருள். அந்த மீதியைக் கழித்துவிட்டால் சரியான பிஜிஎன் கிடைக்கும்.

அன்றாட வேலைக்கு இந்த ஆறு போதும்:

61444: ஆர்பிஎம். 4, 5-ஆம் பைட்டுகள், 0.125-ஆல் பெருக்க வேண்டும்.
65262: கூலன்ட் சூடு. 1-ஆம் பைட்டிலிருந்து 40 கழித்தால் செல்சியஸ்.
65263: ஆயில் பிரஷர். 4-ஆம் பைட், 4-ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கல்.
65265: வண்டி வேகம். 2, 3-ஆம் பைட்டுகள், 256-ஆல் வகுத்தால் மணிக்கு கிலோமீட்டர்.
65266: டீசல் செலவு. 1, 2-ஆம் பைட்டுகள், 0.05-ஆல் பெருக்கினால் மணிக்கு லிட்டர்.
65253: எஞ்சின் ஓடிய மணி. 1 முதல் 4 வரை, 0.05-ஆல் பெருக்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட பைட்டுகள் சேரும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். ஜே1939-இல் சிறிய பைட் முதலில் வரும். 61444-இன் 4, 5-ஆம் பைட்டுகளில் ஹெக்ஸில் 40, 38 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தசமத்தில் அவை 64, 56. 56-ஐ 256-ஆல் பெருக்கி 64-ஐக் கூட்டினால் 14400, அதை 0.125-ஆல் பெருக்கினால் 1800 ஆர்பிஎம். வரிசையை மாற்றிச் சேர்த்தால் 2055 ஆர்பிஎம் வரும். டீசல் எஞ்சினுக்கு இதுவும் நம்பக்கூடிய எண் போலவே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆகவே ஒரு இடத்தையாவது கேபின் டிஸ்ப்ளேயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐடிலிங்கில் ஒரு தடவை, முழு த்ராட்டிலில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

இப்போது 215 டிகிரிக்கு வருவோம். பைட் மதிப்பு 255 என்றால் அந்த அளவு கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். அதிலிருந்து 40 கழித்ததால் வந்ததுதான் 215. 214 வந்திருந்தால் பைட்டில் 254 இருந்திருக்கும். அது சென்சார் கோளாறின் அடையாளம். ஆர்பிஎம்மில் 8191.875, ஆயில் பிரஷரில் 1020, டீசலில் 3276.75, வேகத்தில் 255.996 வந்தாலும் அளவு கிடைக்கவில்லை என்றே பொருள். கணக்குப் போடுவதற்கு முன்பே இவற்றை வெற்றுக் கட்டமாக்குங்கள். பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் சராசரியைக் கீழே இழுத்து, ஆயில் பிரஷரே இல்லாமல் எஞ்சின் ஓடியதாக அறிக்கையில் காட்டிவிடும்.

பக்கெட் எடை, சஸ்பென்ஷன் சிலிண்டர் அழுத்தம் போன்றவை இந்தப் பட்டியலில் கிடைப்பது அரிது. பிஜிஎன் 61184, 65280 முதல் 65535 வரை உள்ளவை தயாரிப்பாளருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றில் எந்த பைட் எது என்பதைத் தயாரிப்பாளரின் ஆவணமோ, செய்திகளின் பொருளை விளக்கும் டிபிசி ஃபைலோ இல்லாமல் ஊகித்து அறிக்கையில் போடக்கூடாது.

ஒரு நாள் லாக்கைத் திறந்தால் காலை ஷிப்ட்டோடு நின்றுவிடுகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா? – ஒரு வாசகர், நெய்வேலி

ஃபைல் கெடவில்லை. எக்ஸெல் ஷீட்டில் 10,48,576 வரிகள்தான் கொள்ளும். ஆர்பிஎம் செய்தி மட்டும் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை வந்தால் ஒரு நாளைக்கு 43,20,000 வரி ஆகிவிடும். ஆறு மணி நேரம்கூட ஷீட்டில் அடங்காது. பாதி திறந்த அந்த ஷீட்டை மட்டும் சேமித்துவிடாதீர்கள், மிச்சம் போய்விடும். எக்ஸெலிலேயே இருக்கும் தரவு இறக்கும் கருவியான பவர் கொயரியில் ஃபைலை ஏற்றி, வேண்டிய பிஜிஎன்களை மட்டும் வடிகட்டி, ஒரு செகண்டுக்கு ஒரு வரியாகச் சுருக்கிய பிறகு ஷீட்டில் இறக்குங்கள். அப்படிச் செய்தால் ஒரு நாளுக்கு 86,400 வரி, ஒரு ஷீட்டில் 12 நாள் வரை அடங்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் இதோடு சேர்ந்தது. சிஎஸ்வியை இரட்டை க்ளிக் செய்து திறக்காதீர்கள். எட்டு பைட்டுகளும் ஒட்டியிருக்கும் ஃபைலில், முழுக்க இலக்கமாக அமைந்த 16 இலக்க மதிப்பின் கடைசி இலக்கத்தை எக்ஸெல் பூஜ்யமாக்கிவிடும், ஏனென்றால் அது 15 இலக்கம்தான் தாங்கும். 12, பிறகு ‘இ’ எழுத்து, பிறகு 5 என்று வரும் ஹெக்ஸ் மதிப்பைப் பன்னிரண்டு லட்சமாக எடுத்துக்கொள்ளும். பவர் கொயரியும் முதல் 200 வரிகளைப் பார்த்துத் தானாகவே வகையை முடிவு செய்யும். அந்தப் படியை நீக்கிவிட்டு, அடையாள எண்ணையும் பைட்டுகளையும் உரை வகையாக வையுங்கள்.

டிஸ்ப்ளேயில் ஒரு ஃபால்ட் இருக்கும்போது பிஜிஎன் 65226-இல் அது தெரிகிறது. இரண்டு மூன்று ஃபால்ட் வரும்போது லாக்கில் ஒன்றுமே இல்லை. ஏன்? – ஒரு வாசகர், சிங்கரௌலி

அருமையான கவனிப்பு. 65226 செய்தியில் முதல் இரண்டு பைட்டுகள் எச்சரிக்கை விளக்குகளுக்கு. ஒவ்வொரு ஃபால்ட்டுக்கும் நான்கு பைட் வேண்டும். ஒரு ஃபால்ட் என்றால் எட்டு பைட்டுக்குள் அடங்கும். இரண்டானால் பத்து ஆகிவிடும், ஒரே செய்தியில் அனுப்ப முடியாது. அதனால் எஞ்சின் கணினி முதலில் 60416-இல் அறிவிப்பு ஒன்றை அனுப்பி, அதன்பின் 60160-இல் துண்டு துண்டாக அனுப்புகிறது. நீங்கள் 65226-ஐ மட்டும் வடிகட்டுவதால் இயந்திரத்தின் நிலை மோசமாகும் நேரத்தில்தான் ஷீட் காலியாகிறது. மூன்று எண்களையும் வைத்துக்கொள்ளுங்கள். 60160-இல் ஒவ்வொரு துண்டின் முதல் பைட்டும் வரிசை எண். அதை விட்டுவிட்டு மீதி ஏழு ஏழாக ஒட்டினால் முழுச் செய்தி கிடைக்கும்.

ஒட்டிய செய்தியில் 3, 4, 5-ஆம் பைட்டுகளைப் பாருங்கள். 5-ஆம் பைட்டை 32-ஆல் வகுத்து வரும் மீதி எஃப்எம்ஐ, அதாவது கோளாறின் வகை. முழு எண் வருவதை 65536-ஆலும் 4-ஆம் பைட்டை 256-ஆலும் பெருக்கி, 3-ஆம் பைட்டோடு கூட்டினால் எஸ்பிஎன், அதாவது கோளாறு எந்த அளவில் என்று சொல்லும் எண். எஸ்பிஎன் 100 என்றால் ஆயில் பிரஷர். அதோடு எஃப்எம்ஐ 1 வந்தால் பிரஷர் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது, எஞ்சினை நிறுத்த வேண்டும். 3 அல்லது 4 வந்தால் சென்சார் வோல்டேஜ் வரம்பு மீறியிருக்கிறது. வயரிங், கனெக்டர், சென்சார் பக்கம் பாருங்கள். இந்த இரண்டையும் ‘ஆயில் பிரஷர் ஃபால்ட்’ என்று ஒரே நெடுவரிசையில் எண்ணி அறிக்கை தருவது பெரிய தவறு. எஸ்பிஎன், எஃப்எம்ஐ இரண்டுக்கும் கட்டாயம் தனித்தனி நெடுவரிசை வேண்டும்.

லாக்கில் நாள் ஒன்று பின்தங்கி நிற்கிறது. நைட் ஷிப்ட் டிரிப்புகள் எல்லாம் குழம்புகின்றன. – ஒரு வாசகர், பில்பரா, மேற்கு ஆஸ்திரேலியா

லாக்கர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும். மேற்கு ஆஸ்திரேலியா அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால், காலை 6 மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் லாக்கில் முந்தைய நாள் இரவு 10 மணியாக இருக்கும். நேரம் 13 இலக்க எண்ணாக இருந்தால் அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிசெகண்ட். 86400000-ஆல் வகுத்து, 25569 கூட்டி, இருபத்துநான்கில் எட்டுப் பங்கை, அதாவது 8/24-ஐச் சேர்த்தால் எக்ஸெல் தேதி வரும். இந்தியாவில் 5.5/24 சேர்க்க வேண்டும். ஷிப்ட் தேதிக்குத் தனி நெடுவரிசை வையுங்கள்: உள்ளூர் நேரத்திலிருந்து ஆறு மணி நேரம், அதாவது 0.25 கழித்து முழு எண்ணை எடுத்தால் நள்ளிரவுக்குப் பிந்தைய டிரிப்பும் அதே ஷிப்ட்டில் சேரும்.

தேதி எழுத்தாக வரும் ஃபைலில் 03/04 என்பதைக் கணினியின் வட்டார அமைப்பு மார்ச் 4 ஆக்கிவிடலாம். 25/04 மட்டும் தேதியாக மாறாமல் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால், அந்த ஃபைலில் 12-ஆம் தேதி வரையிலான எல்லா நாட்களும் புரண்டிருக்கும். இறக்கும்போதே தேதி வடிவத்தைச் சொல்லிவிடுங்கள். தேதி ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னால் இருந்தால் காரணம் பழைய ஜிபிஎஸ் ரிசீவர். வார எண் 1024-இல் மறுபடி பூஜ்யமாகும்; 2019 ஏப்ரல் 6 அன்று அப்படி ஆனது. 7168 நாள் கூட்டினால் சரியாகும். பேட்டரி ஐசொலேட்டரை நிறுத்தியதால் கடிகாரமே அழிந்திருந்தால் எஞ்சின் மணியை வைத்து வரிசைப்படுத்துங்கள். அது மூன்று நிமிடத்துக்கு ஒரு படிதான் ஏறும், ஆனால் ஒருபோதும் பின்னால் போகாது.

கேட்டர்பில்லர் விம்ஸ் பதிவை நேரடியாக எக்ஸெலில் திறக்க முடியுமா? பேலோடை எப்படி மதிப்பிடுவது? – ஒரு வாசகர், சிங்கரௌலி

விம்ஸ் என்பது லாரியிலேயே இருக்கும் கண்காணிப்பு அமைப்பு. அதன் மூல ஃபைலை நேரடியாகத் திறக்க முடியாது. தயாரிப்பாளரின் மென்பொருளில் திறந்துதான் ஏற்றுமதி செய்ய வேண்டும். 785, 789, 793 லாரிகளின் விம்ஸில் ஸ்னாப்ஷாட் என்பது சம்பவத்துக்கு முன் 5 நிமிடம், பின் 1 நிமிடம். செகண்டுக்கு ஒரு வரி வீதம் 360 வரி வர வேண்டும். குறைந்தால் ஏற்றுமதியைத் திரும்பப் பாருங்கள்.

பேலோடுக்கு, அதாவது ஒரு டிரிப்பில் ஏற்றும் சுமைக்கு, கேட்டர்பில்லரின் 10/10/20 விதி இருக்கிறது. சராசரி இலக்கைத் தாண்டக்கூடாது, இலக்கின் 110 சதவீதத்தைத் தாண்டும் டிரிப்புகள் பத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது, 120 சதவீதத்தை ஒரு டிரிப்பும் தாண்டக்கூடாது. இலக்கு 90 டன் என்றால் 240 டிரிப்புகளில் 24 வரை 99 டன்னைத் தாண்டலாம். 108-ஐ ஒன்றுகூடத் தாண்டக்கூடாது. கணக்குக்கு முன் பூஜ்ய எடை வரிகளை நீக்குங்கள், அவை சராசரியைக் குறைத்து ஓவர்லோடை மறைக்கும். அலகையும் பாருங்கள். 100 ஷார்ட் டன் என்பது 90.7 மெட்ரிக் டன்தான்.

மாத அறிக்கைக்கு நிமிடச் சராசரி போதாதா? – ஒரு வாசகர், அரியலூர்

ஆர்பிஎம்முக்கும் டீசலுக்கும் போதும். ஆயில் பிரஷருக்குப் போதாது. ஒரு நிமிடத்தில் 57 செகண்ட் 400 கிலோபாஸ்கல், 3 செகண்ட் 80 என்றால் சராசரி 384 வரும். பேரிங்கைக் கெடுக்கும் அந்த மூன்று செகண்ட் அறிக்கையில் தடமே இல்லாமல் போய்விடும். பிரஷருக்குக் குறைந்தபட்சம், கூலன்டுக்கு அதிகபட்சம் எடுங்கள். பிரஷரை ஆர்பிஎம்மோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐடிலில் 150 இருப்பதும் 1800 ஆர்பிஎம்மில் 150 இருப்பதும் ஒன்றல்ல.

நெடுவரிசைத் தலைப்பைத் தமிழில் வைத்தால் கட்டம் கட்டமாக வருகிறது. – ஒரு வாசகர், நெய்வேலி

சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களில் லாக்கை ஏற்றலாமா? – ஒரு வாசகர், அரியலூர்

வேண்டாம். லாக்கில் சுரங்கத்தின் ஜிபிஎஸ் புள்ளிகள், உற்பத்தி டன், வண்டி எண் எல்லாம் இருக்கும். அசாம்எம்டிஎஃப் என்ற இலவச மென்பொருளை உங்கள் கணினியிலேயே நிறுவலாம். எம்எஃப்4 வடிவ லாக்கையும் டிபிசி ஃபைலையும் கொடுத்து, பஸ் சிக்னல்களைப் பிரித்து, சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்யுங்கள். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர் இருந்தால், கேன்டூல்ஸ் தொகுப்பைக் கொண்டு டிபிசி வழியே பிரிக்கும் வேலை தினமும் தானாக நடக்கும்படி செய்துவிடலாம். எந்த வழியில் போனாலும் மூல லாக்கைப் படிக்க மட்டுமான ஃபைலாக்கித் தனியே வையுங்கள். டிபிசி பதிப்பு மாறும்போது அதிலிருந்துதான் மறுபடி பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.