வைப்பரை நீங்களே மாற்றலாம், ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

தம்பி, கனடாவில் பிராம்ப்டனுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, வாங்கிய பழைய காரில் வைப்பர் கோடு கோடாக விட்டுத் துடைக்கிறது, சர்வீஸ் கடையில் இரண்டுக்கும் சேர்த்து 95 டாலர் கேட்கிறார்கள், நானே மாற்றினால் ஏதாவது ஆகிவிடுமா, குளிர்காலத்துக்கென்று தனி வைப்பர் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் ஆகாது, தாராளமாக மாற்றலாம். பெரும்பாலான வண்டிகளில் ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம், பத்து நிமிட வேலை. ஆனால் தொடங்கும் முன் வீட்டிலிருந்து தடிமனான குளியல் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஊரில் இருந்தவரை நான் வைப்பரைப் பற்றி யோசித்ததே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் ஆடும், மற்ற மாதமெல்லாம் வெயிலில் வெந்து கிடக்கும். இங்கே மழையைவிட உப்புக்குத்தான் வைப்பர். பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். 401 நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு லாரி போனால் போதும், உருகிய பனியும் உப்பும் கலந்த சாம்பல் நிறத் தண்ணீர் கண்ணாடியில் வந்து அப்பும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி எதுவும் தெரியாது. அது காய்ந்து வெள்ளைப் பூச்சாகி, அதில் எதிர்வெயிலும் அடித்தால் இன்னும் மோசம். அதனால் கோடு விழ ஆரம்பித்ததுமே மாற்ற நினைத்தது சரிதான்.

வாங்கப் போகும்போது அளவைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே நீளமாக இருக்காது. என் வண்டியில் ஓட்டுநர் பக்கம் 26 அங்குலம், மறுபக்கம் 16. கனேடியன் டயர், வால்மார்ட் மாதிரிக் கடைகளில் வைப்பர் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு புத்தகமோ சின்னத் திரையோ இருக்கும். வண்டியின் பெயரையும் வருடத்தையும் வைத்துத் தேடினால் அளவு கிடைத்துவிடும். ஒன்று 15லிருந்து 30 டாலருக்குள் நல்லதாகவே வாங்கலாம். குளிர்கால வைப்பர் என்று விற்பது, இரும்புச் சட்டத்தின் மேல் ரப்பர் உறை போட்டது. இணைப்புகளில் பனி புகுந்து இறுகாமல் இருக்கத்தான் அந்த உறை. என்னைக் கேட்டால் அது கட்டாயமில்லை. சட்டமே இல்லாமல் ஒரே பட்டையாக வளைந்திருக்கும் வகையை வாங்குங்கள், வருடம் முழுக்க ஓடும். சட்டம் வெளியே தெரியும் மலிவு வகை மட்டும் வேண்டாம்.

இனி வேலை. வைப்பர் கையைத் தூக்கி நிறுத்துங்கள். பிளேடை, அதாவது ரப்பர் உள்ள துடைக்கும் பகுதியை, குறுக்காகத் திருப்பினால், கையின் நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்து பிளேடுக்குள் புகுந்திருப்பது தெரியும். அந்த இடத்தில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே பிளேடை பானெட் பக்கமாகக் கீழே இழுத்தால் கொக்கியிலிருந்து கழன்றுவிடும். பழைய வண்டியில் உப்பு ஏறி இறுகியிருக்கும், கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முறுக்காதீர்கள்; வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு இரண்டு ஆட்டு ஆட்டினால் வந்துவிடும்.

துண்டு இப்போதுதான். பிளேடு கழன்றதும் கை வெறும் இரும்பாக நிற்கும், அதன் அடியில் பலமான ஸ்பிரிங். என் முதல் குளிர்காலத்தில் அதை அப்படியே நிறுத்திவிட்டுப் புதுப் பெட்டியைப் பிரிக்கத் திரும்பினேன். முழங்கை லேசாகப் பட்டது, ‘டப்’ என்று ஒரே சத்தம். கண்ணாடியில் முதலில் ஒரு புள்ளிதான். மறுநாள் காலை ஹீட்டர் போட்டதும் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு விரிசல். சேமிக்கப் பார்த்தது 50 டாலர், கண்ணாடி மாற்றக் கொடுத்தது 500க்கு மேல். அதனால் துண்டை நான்காக மடித்துக் கண்ணாடியில் விரித்துவிட்டு, வைப்பர் கையை அதன்மேல் மெதுவாகப் படுக்க வையுங்கள்.

புதியதைக் கொக்கியில் நுழைத்து ‘டிக்’ என்று கேட்கும்வரை மேலே இழுங்கள். கேட்காவிட்டால் மாட்டவில்லை என்று அர்த்தம், 401இல் பறந்துவிடும். ரப்பர்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை வரும், அதைக் கழற்ற மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு, புது வைப்பரே சரியில்லை என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். கல்லாவில் இருந்த பெண் ஒன்றும் பேசாமல் உறையை உருவிக் கையில் கொடுத்தார்.

சில வண்டிகளில் வைப்பர் பானெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், கையைத் தூக்கவே முடியாது. பலம் காட்டாதீர்கள். வைப்பரைப் பாதி வழியில் நிறுத்துவதற்கென்று ஒரு முறை இருக்கும், வண்டியின் கையேட்டைப் பாருங்கள். பின்கண்ணாடி வைப்பரின் பூட்டும் வண்டிக்கு வண்டி மாறும். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைப்பருக்கு 1903இல் காப்புரிமை வாங்கிய மேரி ஆண்டர்சனும் நம்மை மாதிரி வெயில் ஊர்க்காரர்தான், அமெரிக்காவின் அலபாமா. குளிர்காலத்தில் நியூயார்க் போனவர், டிராம் ஓட்டுநர் பனிமழையில் முன் ஜன்னலைத் திறந்துவைத்து நனைந்துகொண்டே ஓட்டுவதைப் பார்த்துத்தான் யோசித்தாராம். உள்ளூர்க்காரர்களுக்கு அது பழகிப்போயிருக்கும்.

பிளேடு மட்டும் புதிதாக இருந்தால் போதாது. வாஷர் தண்ணீரை மைனஸ் 40 என்று எழுதியிருக்கும் நீல நிறக் கேனுக்கு மாற்றுங்கள். கோடைக்கால வகை குழாயிலேயே உறைந்துவிடும். மைனஸ் 40 வகையில் மெத்தனால் என்ற விஷம் இருக்கும், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். இரவு வண்டியை நிறுத்தும் முன் வைப்பரை அணைத்துவிட்டு அப்புறம் எஞ்சினை அணையுங்கள். இல்லாவிட்டால் காலையில் சாவி போட்டதும், கண்ணாடியோடு உறைந்து ஒட்டியிருக்கும் வைப்பர் ஓடப் பார்க்கும். ரப்பர் கிழியும், சில நேரம் மோட்டாரே போய்விடும். பனியைக் கரைக்கக் கொதிநீர் மட்டும் ஊற்றவே வேண்டாம், கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

இந்த வாரக் கடைசியில் வெளிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால் கையுறையோடு அந்த நாக்கை அழுத்தவும் முடியாது, கையுறை இல்லாமல் விரலும் நிற்காது.