பால் வராததை ஏன் கடைசியில் எழுதினீர்கள்?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 37. ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. ஏழெட்டு வருடமாக எந்நேரமும் அசதி. காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்குள் மறுபடி படுத்துவிடலாம் போல இருக்கிறது. சித்திரை வெயிலிலும் குளிர்கிறது. ஃபேன் போட்டால் எனக்கு ஆகாது, வீட்டுக்காரர் மொட்டை மாடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். முடி கொட்டுகிறது, தோல் வறண்டு கிடக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, பிரஷர் எப்போது பார்த்தாலும் 90/60. மாதவிலக்கு நின்று பல வருடம் ஆகிறது. ஐந்து டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவர் ரத்தசோகை என்றார், ஒருவர் சீக்கிரமே மெனோபாஸ் என்றார், போன வருடம் ஒருவர் எல்லாம் டென்ஷன் என்று மனசுக்கு மாத்திரை எழுதினார். மாஸ்டர் செக்கப்பில் தைராய்டு டிஎஸ்ஹெச் 2.1, நார்மல். மூன்று வருடம் முன்னால் காய்ச்சலில் மயங்கி விழுந்து சேர்த்தபோது ரத்தத்தில் உப்பு 119 என்று சொல்லி ட்ரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள். மாமியார் சோம்பேறி என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தைராய்டு மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டார், நானும் ஒரு மாதம் 50 போட்டுப் பார்க்கட்டுமா?

பி.கு: இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய் நாலு பாட்டில் ஏற்றினார்கள். பாப்பாவுக்குத் தாய்ப்பால் வரவே இல்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: அம்மணி (நானும் பவானி ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான், அந்த உரிமையில் கூப்பிடுகிறேன்), முதலில் அந்த மாத்திரை. போடாதீர்கள். ஒரு மாதம் என்ன, ஒரு நாள்கூட வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், அதற்கு முன்னால் உங்கள் பின்குறிப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், இங்கே இடமில்லை என்று சுருக்கிவிட்டார்கள். முடி கொட்டுவதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம், எந்த எண்ணெய், எந்த ஷாம்பு, எத்தனை நாள் என்று. அதைப் படித்துக்கொண்டு வரும்போது நானும் மற்ற ஐந்து டாக்டர்களைப் போலத்தான் இரும்புச்சத்து, தைராய்டு, வைட்டமின் டி என்று மனசுக்குள் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசித் தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில், பேனா மை தீர்ந்துபோகிற மாதிரி மங்கலாக, அந்த மூன்று வரி. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏழெட்டு வருடம் என்கிறீர்களே, பாப்பாவுக்கு இப்போது என்ன வயது? எட்டுதானே இருக்கும்?

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தி, பிரஷர் இறங்கிப்போயிருந்தது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். நாங்கள் சலைன் போட்டு, காய்ச்சலுக்குக் காரணம் தேடி ஓடிக்கொண்டிருந்தோம். ரவுண்ட்ஸ் வந்த எங்கள் பேராசிரியர் கேஸ் ஷீட்டைத் தொடவே இல்லை, கட்டில் ஓரம் நின்ற நோயாளியின் அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "கடைசிப் பிரசவத்துல பால் வந்துச்சாம்மா?" வரவில்லை. டின் பால்தான் கொடுத்தார்களாம். பூண்டு, கருவாடு எல்லாம் செய்து கொடுத்தும் சொட்டுக்கூட இல்லையாம். அன்றைக்கு ராத்திரியே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டோம், மறுநாள் காலையில் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். அதற்குப் பிறகு, அசதி என்று வருகிற எந்தத் தாயிடமும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் விட்டதில்லை.

இதற்குப் பெயர் ஷீஹான் சிண்ட்ரோம். ஹெரால்ட் ஷீஹான் என்ற ஆங்கிலேய நோய்க்குறியியல் மருத்துவர் 1937-ல் விவரித்தது. மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், கொண்டைக்கடலை அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது, எடை அரை கிராம்தான் வரும். தைராய்டு, அட்ரினல் (சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி), சினைப்பை மூன்றுக்கும் உத்தரவு போடுவது இதுதான், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் வருவதும் இங்கிருந்துதான். கர்ப்ப காலத்தில் பாலுக்கான ஏற்பாடாக இது நன்றாகப் பெருத்துவிடும். ஆனால் அதன் முன்பகுதிக்கு ரத்தம் வருவது அழுத்தம் குறைந்த சின்னஞ்சிறு நாளங்கள் வழியாக. நம் ஊரில் சொன்னால் சட்டென்று புரியும், அது கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் தலைமடைக்காரன் வயல் எப்படியோ தப்பிவிடும், முதலில் காய்வது கடைமடைதான். பிரசவத்தில் ரத்தம் கொட்டிப் பிரஷர் விழும்போது அந்த முன்பகுதி காய்ந்துபோகிறது. எவ்வளவு காய்ந்தது என்பதைப் பொறுத்து சிலருக்கு உடனே தெரியும், பலருக்கு வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தெரியும்.

முதல் அடையாளம் பால் வராதது. அடுத்தது மாதவிலக்கு திரும்பாதது. அப்புறம் அசதி, குளிர், வறட்சி, லோ பிரஷர், ரத்தசோகை என்று ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு டாக்டர், தனித்தனியாக ஒரு சீட்டு. நீங்கள் எழுதாத ஒன்றை நானே கேட்கிறேன், கூச்சப்படாமல் யோசித்துப் பாருங்கள்: பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் வழித்த இடத்தில் முடி மறுபடி வளர்ந்ததா? அக்குளில் இருக்கிறதா? இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடிதத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு இதுதான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூடாது. ரத்தசோகை நிஜமாகவே இருக்கலாம், பி12 குறைவு இருக்கலாம், மன அழுத்தமும் இருக்கலாம் (எட்டு வருடம் இப்படி இருந்தால் யாருக்குத்தான் வராது). ஆனால் இந்தக் கதையோடு வருகிறவருக்கு இதைச் சோதித்துப் பார்க்காமல் விடுவது தப்பு.

சரி, தைராய்டு நார்மல் என்றார்களே? டிஎஸ்ஹெச் தைராய்டில் சுரப்பது இல்லை, பிட்யூட்டரி தைராய்டுக்குப் போடும் அதட்டல். உங்கள் கடையில் விற்பனை குறைந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார் இல்லையா, அதுபோலத் தைராய்டு சுணங்கினால் டிஎஸ்ஹெச் ஏறும், அதை வைத்துத்தான் நாங்கள் நோயைக் கண்டுபிடிக்கிறோம். சூப்பர்வைசரே படுத்துவிட்டால்? கடையில் சத்தமே இருக்காது, வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பது போல இருக்கும். பிட்யூட்டரி கெட்டவர்களுக்கு டிஎஸ்ஹெச் நார்மலாகவே வரலாம், கூடவே ஃப்ரீ டி4, அதாவது தைராய்டே சுரக்கும் ஹார்மோனைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பேக்கேஜ் செக்கப்புகள் பலவற்றில் டிஎஸ்ஹெச்சோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு இது நெடுநாள் எரிச்சல்.

மெனோபாஸ் என்று சொன்னவர் எஃப்எஸ்ஹெச் (பிட்யூட்டரி சினைப்பைக்குப் போடும் உத்தரவு) பார்த்தாரா? நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகல்களில் எங்கும் இல்லை. சினைப்பை சீக்கிரம் ஓய்ந்துபோனால் எஃப்எஸ்ஹெச் எகிறியிருக்கும், பிட்யூட்டரியில் கோளாறு என்றால் ஏறாமல் கீழேயே கிடக்கும். இரண்டையும் பிரித்துக்காட்ட அந்த ஒரு டெஸ்ட் போதும்.

அந்த 119-ஐ இவ்வளவு லேசாக எழுதியிருக்கிறீர்கள். சோடியம் 135-க்கு மேல் இருக்க வேண்டியது. கார்ட்டிசால் (பிட்யூட்டரியின் உத்தரவில் அட்ரினல் சுரக்கும் ஹார்மோன், அன்றைக்கு அந்த அம்மாவுக்கு ஊசியில் கொடுத்தது இதைத்தான்) போதாதபோது உடம்பு தண்ணீரை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், உப்பு நீர்த்துப்போகும், சாப்பாட்டில் உப்பைக் கூட்டினால் அது சரியாகாது. மனசுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் சோடியம் இறங்கும், அதனால் அதன்மேல் பழி போட்டுவிட வாய்ப்பு உண்டு. ஆனால் உங்களுக்கு உப்பு குறைந்தது மூன்று வருடம் முன்னால், மாத்திரை ஆரம்பித்தது போன வருடம். எது முந்தி எது பிந்தி என்பது எத்தனையோ டெஸ்ட்டுகளை விடப் பெரிய டெஸ்ட். அந்த மாத்திரையை இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

இப்போது தைராய்டு மாத்திரைக்கு வருகிறேன். தைராக்ஸின் உடம்பின் வேகத்தைக் கூட்டும், இருக்கிற கொஞ்சம் கார்ட்டிசாலையும் சீக்கிரம் செலவழிக்க வைக்கும். கார்ட்டிசால் போதாதவர் அதைத் தனியாகப் போட்டால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் இந்த நோயில் முதலில் கார்ட்டிசாலைச் சரிசெய்து, பிறகே தைராய்டு மாத்திரை தொடங்குவோம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கெட்டது தைராய்டு, உங்களுக்கு அதற்கு மேலே இருக்கும் இடமாக இருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்? ஒரு எம்.டி. பொது மருத்துவரிடம் போனாலே ஆரம்பிக்கலாம், முடிந்தால் நேராக எண்டோகிரைனாலஜிஸ்ட். வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று இதற்குத் தனித்துறையே இருக்கிறது, கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் தனியாரில் கிடைப்பார்கள். போகும்போது நாலு பக்கக் கடிதம் வேண்டாம். ஒரு அரைத்தாளில் வருடம் போட்டு எழுதுங்கள்: பிரசவம், ரத்தப்போக்கு, நாலு பாட்டில், பால் வரவில்லை, கடைசியாக மாதவிலக்கு வந்தது எப்போது, சோடியம் 119. பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் ரேஷன் கார்டோடு எங்காவது கிடக்கும், தேடி எடுங்கள். உள்ளே போனதும் முடி கொட்டுவதில் ஆரம்பிக்காதீர்கள். "டாக்டர், ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சு, பால் வரல, அதுக்கப்புறம் நான் பழையபடி ஆகவே இல்ல, பிட்யூட்டரி பிரச்சினையா இருக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவராக இருந்தால் ஏழாவதாக இன்னொரு டாக்டரைப் பார்ப்பதில் தப்பே இல்லை.

காலை 8 மணி கார்ட்டிசால், ஃப்ரீ டி4, டிஎஸ்ஹெச், புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், அதன் ஜோடியான எல்ஹெச், சோடியம், சுகர், ரத்த அணுக்கள். இவ்வளவுதான் முதல் கட்டம். கார்ட்டிசால் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், மத்தியானம் சாவகாசமாகப் போய் எடுத்தால் பயனில்லை. ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி இல்லை என்று திருப்தியாகிவிடவும் கூடாது. பல லேப்களில் கார்ட்டிசால் (மைக்ரோகிராம்/டெசிலிட்டர் கணக்கில்) 5-க்கு மேல் இருந்தாலே நார்மல் என்று அச்சடித்துவிடுவார்கள். நாங்கள் பார்ப்பது வேறு கணக்கு: 3-க்குக் கீழே என்றால் குறைபாடு கிட்டத்தட்ட உறுதி, 18-க்கு மேலே என்றால் பயமில்லை, நடுவில் என்றால் ஒரு ஊசி போட்டு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் சந்தேகத்தை உறுதி செய்தால் எம்ஆர்ஐ எடுப்பார்கள், பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி காலியாகத் தெரியலாம்.

முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுவதாக அந்த முழுப்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள். பயோட்டின் சில லேப் கருவிகளை ஏமாற்றி, குறைவாக இருக்கும் டி4-ஐ நிறைய இருப்பதாகக் காட்டிவிடும். மூட்டு வலிக்கு ஊசி, பொட்டலம் கட்டித் தரும் வலி மருந்து, சிவப்பழகு க்ரீம் என்று எதையாவது உபயோகித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அவற்றில் ஸ்டீராய்டு இருந்தால் கார்ட்டிசால் கணக்கே மாறிவிடும்.

உறுதியானால் சிகிச்சை சிக்கலானது இல்லை. தினமும் சின்ன அளவில் ஸ்டீராய்டு மாத்திரை, பிறகு தைராக்ஸின், அதோடு சினைப்பை சுரக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன். ஸ்டீராய்டு என்றதும் முகம் ஊதிவிடும், எலும்பு போய்விடும் என்று சொந்தக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். உடம்பு தானே சுரக்க வேண்டிய அளவைத்தான் வெளியிலிருந்து தருகிறோம், அதற்கு மேல் கொடுத்தால்தான் அந்த வம்பெல்லாம். "விலக்கு வராதது ஒருவகையில் நிம்மதிதான்" என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. புரிகிறது, ஆனால் 37 வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இருந்தால் எலும்பு தேயும், அதனால் இயல்பாக நிற்கும் வயது வரைக்கும் பொதுவாகக் கொடுப்போம்.

மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ரிசல்ட் வரும் வரை ஒன்றும் சொல்ல வேண்டாம். முடிந்தால் டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். அந்தப் பிரசவத்தில் கூட இருந்தவர் அவர்தானே, எவ்வளவு ரத்தம் போனது என்று அரை மயக்கத்தில் கிடந்த உங்களை விட அவருக்குத்தான் தெரியும்.

இந்த டெஸ்ட்டை அடுத்த மாதம் போனஸ் வந்ததும் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள், இந்த வாரமே எடுங்கள். அதற்குள் காய்ச்சலோ, விடாத வாந்தி பேதியோ, கண் இருட்டிக்கொண்டு வருவதோ இருந்தால் வீட்டில் இளநீர் குடித்துப் படுத்திருக்க வேண்டாம், உடனே பெரிய ஆஸ்பத்திரி. உங்களால் பேச முடியாமல் போகலாம் என்பதால் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், கேஷுவாலிட்டியில் அவர் சொல்ல வேண்டியது இதுதான்: "பிரசவத்துல ரத்தம் நிறையப் போனவங்க, பால் வரல, முன்னாடி ஒரு தடவை சோடியம் 119 வந்திருக்கு, கார்ட்டிசால் குறைவா இருக்குமோன்னு சந்தேகம்."