ஏஐ எழுதிய இரண்டு அத்தியாயங்கள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பன்னிரண்டு அத்தியாயங்களில் ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறேன். முதல் பத்தை நானே எழுதி, பிழை திருத்த மட்டும் சாட்ஜிபிடியிடம் கொடுத்தேன். கடைசி இரண்டுக்கு நாலு வரியில் கதையைச் சொன்னேன், அது எழுதித் தந்ததை அப்படியே சேர்த்துவிட்டேன். பதிப்பாளர் அனுப்பிய ஒப்பந்தத்தில் ‘இந்நூல் முழுவதும் ஆசிரியரின் சொந்தப் படைப்பு’ என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? அல்லது சாட்ஜிபிடியை இணை ஆசிரியராகக் காட்ட வேண்டுமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள்.

முதல் பத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒற்றுப்பிழை திருத்தியவர் ஆசிரியர் ஆகிவிடமாட்டார், மனிதரானாலும் சரி, மென்பொருளானாலும் சரி. சிக்கல் அந்த இரண்டில்தான் (கதையின் முடிவையே அதனிடம் விட்டிருக்கிறீர்கள், அது வேறு விஷயம்). கதை என்னுடையதுதானே என்பீர்கள். ஆனால் பதிப்புரிமை கருவுக்குக் கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான்; ஒரு நாடகத்தைத் திருடிப் படமெடுத்தார்கள் என்று வந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1978-லேயே இதைச் சொல்லிவிட்டது. உங்கள் நாலு வரி கரு, அது எழுதித் தந்த பக்கங்கள்தான் சொன்ன விதம்.

இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், 1994 திருத்தத்தில் வந்த ஒரு வரி உங்களுக்குச் சாதகமாகத் தெரியும்: கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர். பிரிட்டனின் 1988 சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. இரண்டுமே இந்தக் கருவிகள் வருவதற்கு வெகுமுன்பு எழுதியவை, அதனால் நாலு வரி தட்டிக் கொடுத்தால் ‘உருவாகச் செய்தது’ ஆகுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் தாராளமாக வாதாடலாம், நானாக இருந்தால் நிச்சயம் வாதாடுவேன். அமெரிக்காவில் இன்னும் கறார். 2023-ல் ஒரு படக்கதை நூலில் எழுத்தும் அடுக்கிய விதமும் ஆசிரியருக்கு, மிட்ஜர்னி என்ற ஏஐ கருவி வரைந்த படங்களுக்கு உரிமை இல்லை என்று அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் பிரித்துவிட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஆசிரியர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்றது. ஆக, இணை ஆசிரியர் யோசனையை விடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் சாட்ஜிபிடியால் முடியாது, வழக்கு வந்தால் கூண்டில் ஏறவும் முடியாது.

உங்களுக்கு உண்மையான ஆபத்து அந்த ‘முழுவதும்’ என்ற ஒற்றைச் சொல். அதன் பின்னாலேயே ‘உறுதிமொழி பொய்யானால் நட்டத்தை ஆசிரியரே ஈடுசெய்ய வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இருந்தால், நாளை யாரோ அந்த இரண்டு அத்தியாயங்களைச் சுட்டுப் போட்டுப் பதிப்பாளரால் தடுக்க முடியாமல் போனால், பில் உங்களுக்குத்தான் வரும்.

இரண்டு வழி இருக்கிறது. ‘11, 12ஆம் அத்தியாயங்கள் ஏஐ கருவியால் எழுதப்பட்டவை, இது பதிப்பாளருக்குத் தெரியும்’ என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த இரண்டையும் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். அங்கங்கே சொல்லை மாற்றினால் போதாது, பழையதை மூடிவைத்துவிட்டு முதல் வரியிலிருந்து எழுத வேண்டும். அப்புறம், வரைவுகளையும் சாட்ஜிபிடி உரையாடலையும் தேதியோடு சேமித்து வையுங்கள். முதல் பத்தை யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்ட அவைதான் இருக்கும்.