இரண்டு வயது கடந்தும் சில சொற்களே பேசும் குழந்தை: காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம் ஆகிறது. ஏழெட்டுச் சொற்கள்தான் பேசுகிறான். ஆனால் நாங்கள் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரிகிறது. அவனுடைய அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம். வீட்டில் இரண்டு மொழிகள் பேசுகிறோம், அதனால் குழம்புகிறானா? மூன்று வயது வரை பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம், இப்போதே பரிசோதித்துவிடுங்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் ஏறத்தாழ 50 சொற்களையும், 'அம்மா வா', 'பால் வேணும்' என்பதுபோல் இரு சொற்களைச் சேர்த்துப் பேசுவதையும் எதிர்பார்க்கிறோம். எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீரை எப்போதும் 'ண்ணி' என்றே கேட்டால் அதுவும் ஒரு சொல்தான். இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆகவே எந்த மொழியையும் நிறுத்த வேண்டாம்.

சொற்களின் எண்ணிக்கையைவிட நான் கூர்ந்து பார்ப்பது, குழந்தை எவ்வளவு புரிந்துகொள்கிறது என்பதையே. 'எல்லாம் புரிகிறது' என்று பெற்றோர் உறுதியாக நம்பும் பல வேளைகளில், குழந்தை நம் கண் போகும் திசையையும் கை காட்டும் இடத்தையும் அன்றாடப் பழக்கத்தையும் வைத்தே ஊகித்துச் செயல்படுகிறது. வெளியே கிளம்பும் நேரத்தில் செருப்பை எடுத்துவரச் சொன்னால், சொல் புரியாத குழந்தையும் எடுத்து வரும். எனவே கையை அசைக்காமல், பொருளைப் பார்க்காமல், வழக்கமில்லாத ஒரு நேரத்தில், 'பந்தை எடுத்து நாற்காலி மேல் வை' என்று சொல்லிப் பாருங்கள். அதைப் பல முறை சரியாகச் செய்தால் அது நல்ல அறிகுறி. வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டுகிறானா, தான் கண்டு வியந்ததை உங்களுக்கும் காட்ட உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா என்பவற்றையும் கவனியுங்கள். இவை இருந்து பேச்சு மட்டும் பின்தங்கிய குழந்தைகளில் பலர் பிறகு எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் எந்தக் குழந்தை அவ்வாறு எட்டிப் பிடிக்கும் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. காத்திருக்க வேண்டாம் என்பதற்கு அதுவே காரணம். அப்பா தாமதமாகப் பேசியதும் ஆறுதலுக்கு உரியதன்று. பேச்சுத் தாமதம் குடும்பவழியாக வரக்கூடியது என்பதால், அது பரிசோதிப்பதற்கு இன்னொரு காரணமே ஆகிறது.

முதலில் செய்ய வேண்டியது கேட்புத்திறன் பரிசோதனை. கதவு தட்டும் ஓசைக்குத் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். உரத்த ஓசைகள் கேட்டும், 'ஸ', 'ஷ' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைகள் உண்டு. அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால், கேட்கும் திறன் ஒரு வாரம் குறைந்தும் மறு வாரம் கூடியும் இருக்கும். பிறந்தவுடன் செய்த செவிப் பரிசோதனை சரியாக இருந்தாலும் இப்போது மீண்டும் செய்வது அவசியம். குழந்தை ஒத்துழைக்காவிட்டாலும், உறங்கும்போதே செய்யக்கூடிய பரிசோதனைகள் இருக்கின்றன. நாக்கின் அடியிலுள்ள சவ்வை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்பி விடாதீர்கள். அந்தச் சவ்வு சொற்கள் குறைவாக இருப்பதற்குக் காரணமாவதில்லை.

பேசிய சொற்களை எந்த வயதிலாவது குழந்தை இழந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு வயதுக்குப் பிறகும் எதையும் சுட்டிக்காட்டாத குழந்தையையும், 18 மாதத்தில் ஒரு சொல்லும் பேசாத குழந்தையையும் உடனே காட்ட வேண்டும்.

கேட்புத்திறன் பரிசோதனைக்கு அடுத்து, குழந்தையின் பேச்சை மதிப்பிட்டுப் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளரைச் சந்தியுங்கள். அந்த நாளுக்கு முன், ஒரு வாரம் அவன் தானாகச் சொன்ன சொற்களை எழுதி வைத்து, விளையாடும்போது எடுத்த இரண்டு மூன்று சிறு காணொளிகளோடு கொண்டு செல்லுங்கள். புதிய இடத்தில் வாய் திறக்காத குழந்தையை மதிப்பிட அவை பெரிதும் உதவும். அதுவரை 'இது என்ன, சொல்லு' என்று கேட்டு வற்புறுத்தாதீர்கள். அவன் பார்க்கும் பொருளைப் பற்றி நீங்களே சிறு தொடராகச் சொல்லிவிட்டு, பத்து நொடி வரை அமைதியாக அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள்.