மழை நாளில் காட்டு வான்கோழி வேட்டை: விடுப்பை ரத்து செய்ய வேண்டுமா?

பிட்ஸ்பர்க்கில் பணிபுரியும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. பென்சில்வேனியாவின் வசந்தகால வான்கோழிப் பருவத்தில், முதல் வாரத்திலேயே மூன்று நாள் விடுப்பு எடுத்திருக்கிறார். மூன்று நாளும் மழையும் காற்றும் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. மழையில் பறவை வெளியே வராது, தன் குத்தகை நிலத்துக்கு வந்தால் மட்டும் உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்லி ஒரு வழிகாட்டி கூடுதல் முன்பணம் கேட்கிறாராம். விடுப்பை ரத்து செய்வதா, பணத்தைக் கட்டுவதா என்று வாசகர் குழம்பியிருக்கிறார்.

இரண்டும் வேண்டாம். மழையில் வான்கோழி வெளியே வராது என்பது தவறு. மழையில் அது காட்டை விட்டு வெட்டவெளிக்கு வருவதே அதிகம். வான்கோழி உயிர் பிழைத்திருப்பது கண்ணையும் காதையும் நம்பித்தான்; மோப்ப சக்தி அதற்கு மிகக் குறைவு. இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும் காட்டில் நரியோ கொயோட்டியோ நெருங்கும் காலடி ஓசை கேட்காது. காற்றில் எல்லாக் கிளைகளும் ஆடும்போது எது விலங்கின் அசைவு என்று கண்ணாலும் பிரித்தறிய முடியாது. எனவே அது புல்வெளிக்கும் அறுவடை முடிந்த வயலுக்கும் வந்து நிற்கிறது. அங்கே இறகை உலர்த்திக்கொள்ளலாம், ஈரத்தில் வெளிப்படும் புழு பூச்சிகளும் கிடைக்கும்.

மாறுவது பறவையின் குரலும் நேரமும்தான். மழையும் மூடுபனியும் உள்ள காலையில் அது அடைந்திருக்கும் மரத்தை விட்டுத் தாமதமாகவே இறங்கும். சேவல் மிகக் குறைவாகவே கூவும், பல நாள்களில் கூவவே கூவாது. கூவல் கேட்கவில்லை என்று ஏழு மணிக்கே காரை நோக்கி நடப்பவர்கள்தான் மழை நாளை வீணாக்குபவர்கள். வெட்டவெளியின் ஓரத்தில், காற்று தாக்காத மேட்டுச் சரிவை ஒட்டி, நாற்புறமும் மேலேயும் மூடிய மறைவுக் கூடாரத்தை இருட்டிலேயே அமைத்து, முன்னால் ஒரு பொம்மைப் பெட்டையை நிறுத்திவிட்டுப் பொறுமையாக உட்காருங்கள். குரல் கொடுக்காமலே பறவை வந்து நிற்கக்கூடும் என்பதால், மழை நாளில் காதை விடக் கண்ணுக்கே வேலை அதிகம். பெட்டையின் குரலை எழுப்பும் மரப்பெட்டி நனைந்தால் ஒலி செத்துவிடும். அதை பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே இயக்குங்கள், அல்லது வாயில் வைத்து ஊதும் சவ்வுக் கருவிக்கு மாறிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு சிவப்பாகவோ வெள்ளையாகவோ நீலமாகவோ இருக்கக் கூடாது. அவை சேவலின் தலை நிறங்கள். தூரத்தில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் உங்களைப் பறவை என்று நினைத்துச் சுட்டுவிட வாய்ப்புண்டு.

நனைந்த சருகு சத்தமிடாது என்பதால் பறவையைத் தேடிப் பதுங்கிச் செல்லலாம் என்ற ஆசை பலருக்கும் வரும். பென்சில்வேனியாவில் அது சட்டவிரோதம். வசந்தகாலத்தில் குரல் கொடுத்து வரவழைத்தே சுட வேண்டும். நீங்கள் பதுங்கி நெருங்கும் அந்தப் 'பெட்டைக் குரல்' மரத்தடியில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதருடையதாகவும் இருக்கலாம்.

இனி அந்த வழிகாட்டி. மழையிலும் பறவை உறுதி என்று ஒருவர் சொன்னால், அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். கூடாரத்துக்கு முன்னால் சோளம் கொட்டி வைப்பதே இத்தகையவர்களில் சிலரின் வழி. இரை போட்ட இடத்தில் வேட்டையாடுவது குற்றம். இரையை முழுவதுமாக அகற்றிய பிறகும் 30 நாள்களுக்கு அந்த இடம் இரை போட்ட இடமாகவே கருதப்படும். சோளத்தைக் கொட்டியவர் அவர். ஆனால் துப்பாக்கியோடு அங்கே உட்கார்ந்திருப்பவர் நீங்கள் என்பதால் வழக்கு உங்கள் மேலும் வரும். இருட்டில் கொண்டுபோய் அமர்த்தினார், எனக்குத் தெரியாது என்ற பதில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போது, முந்தைய நாளே நிலத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அவரை விட்டு விலகுங்கள். வானிலையால் வர முடியாமல் போனால் முன்பணம் என்னாகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். மாநில வேட்டை வாரியத்துக்குச் சொந்தமான பொது நிலம் ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அங்கெல்லாம் உரிமம் பெற்றவர் தனிக் கட்டணமின்றி வேட்டையாடலாம். அவற்றில் வனவிலங்குகளுக்காகப் பயிர் விதைத்த திடல்களும் உண்டு. நிலவரைபடத்தில் அவற்றைத் தேடுவதற்கு எந்த இடைத்தரகரும் தேவையில்லை.

உங்களுக்கு உண்மையான தடை மழையல்ல, கடிகாரம். பருவத்தின் முதல் இரண்டு வாரங்களில் வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி நண்பகலோடு முடிந்துவிடுகிறது. முட்டையிடும், அடைகாக்கும் பெட்டைகளைக் கலைக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் காலை முழுவதும் கொட்டிய மழை பதினொன்றரைக்கு ஓய்ந்து, பறவைகள் வெயிலுக்கு வந்து, சேவல் கூவத் தொடங்கும் நேரத்தில் விதி உங்களை வீட்டுக்குப் போகச் சொல்கிறது. வானிலையைக் கணக்கில் கொள்ளாத இந்த விதி அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு வருபவரையே மிகவும் பாதிக்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பார் இல்லை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. முதல் இரண்டு வாரங்கள் கழிந்ததும், சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை நாள் முழுவதும் வேட்டையாடலாம். விடுப்பை மாற்ற முடியுமானால் மே மாதப் பிற்பாதிக்கு மாற்றுங்கள். அப்போது காலை மழை உங்களுக்கு நஷ்டமில்லை. பிற்பகல் கைவசம் இருக்கும். பெட்டைகள் பெரும்பாலும் அடைகாக்கப் போய்விடுவதால், துணையின்றித் திரியும் சேவல் உங்கள் அழைப்புக்கு எளிதாக வரும். தழை அடர்ந்து பார்வை தூரம் குறையும். வயல் ஓரத்தில் அமர்பவருக்கு அது பெரிய இடையூறில்லை. விடுப்பை மாற்ற முடியாது என்றால், எடுத்த மூன்று நாள்களில் காலையிலேயே மழை ஓயும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

மழையில் போகலாம் என்றேன். இடியில் போகக் கூடாது. இடியோசை கேட்டதும் சேவல் பதிலுக்குக் கூவுவது உண்மைதான், ஆனால் அந்தக் கூவலை நம்பி யாரும் காட்டில் தங்க வேண்டாம். முதல் இடி கேட்டதும் காருக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை இறங்காதீர்கள். பலத்த காற்றில் தலைக்கு மேலே பாருங்கள். 2007-இல் பென்சில்வேனியாவில் கண்டறியப்பட்ட மரகத நிற வண்டு அங்குள்ள ஆஷ் மரங்களைப் பெருமளவில் கொன்றுவிட்டது. பட்டுப்போய் நிற்கும் அந்த மரங்களின் கிளை காற்றில் முறிந்து விழும்போது ஒதுங்க நேரம் இருக்காது. முதுகைச் சாய்க்க மரம் தேடும்போது பச்சை இலை துளிர்த்திருக்கும் மரமாகப் பார்த்து உட்காருங்கள்.