பழைய காருக்கு மின் மோட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் பழைய பெட்ரோல் காரின் எடை 800 கிலோ. ஒருமுறை சார்ஜ் செய்தால் 80 கி.மீ. ஓட வேண்டும். எவ்வளவு பேட்டரி தேவை? விலை குறைந்த லெட் ஆசிட் பேட்டரியே போதாதா?

பதில்: இந்த எடையுள்ள கார் நிதானமாக ஓடினால் கி.மீ.க்கு 120 முதல் 150 வாட் மணி வரை இழுக்கும். 140 என்று வைத்தால் 80 கி.மீ.க்கு 11.2 யூனிட். பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் வற்றவிடாமல் இருந்தால்தான் ஆயுள் நீளும் என்பதால் 14 யூனிட் தேவை. 3.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் 45ஐத் தொடராக இணைத்தால் 144 வோல்ட், 14.4 யூனிட் கிடைக்கும். செல்களின் எடை சுமார் 90 கிலோ.

அதே 144 வோல்ட்டுக்கு 12 லெட் ஆசிட் பேட்டரி வைத்தால் எடை 350 கிலோவை ஒட்டி வரும். அதன் மேல் எழுதியிருக்கும் 100 ஆம்பியர் மணி, 20 மணி நேரம் மெதுவாக வற்றவிட்டால் கிடைப்பது. காரில் ஒரு மணி நேரத்தில் வற்றவிட்டால் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். வாங்காதீர்கள்.

கேள்வி: மோட்டாரைக் கியர் பாக்ஸுடன் இணைத்துவிட்டேன். கிளட்சும் இருக்கிறது. வேகம் கூடும்போது கார் முழுவதும் அதிர்கிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில்: மோட்டாரைக் குறை சொல்லுமுன் மையத்தைச் சோதியுங்கள், அதாவது மோட்டாரும் கியர் பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். முதலில் டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவுகருவி) அசையாத இடத்தில் நிறுத்தி, மோட்டார் ஷாஃப்டில் மாட்டிய கப்ளரை (இணைப்புத் துண்டு) கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் கப்ளரின் துளை கோணல், அல்லது சாவிக்கட்டை (ஷாஃப்டையும் கப்ளரையும் பூட்டும் சிறு இரும்புத் துண்டு) கப்ளரை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. அது சரியாக இருந்தால், கியர் பாக்ஸைக் கழற்றி வைத்து அதன் பெல் ஹவுசிங்கை (கிளட்சை மூடும் மணி வடிவ உறை) மட்டும் அடாப்டர் பிளேட்டில் (மோட்டாரைக் கியர் பாக்ஸுடன் இணைக்கும் தகடு) மாட்டுங்கள். பெல் ஹவுசிங் தனியாகக் கழலாத வகை என்றால் பிளேட்டில் அதற்கான மைய வளையத்தை அளக்கலாம். டயல் கேஜைக் கப்ளரில் பொருத்தி, அதன் தொடுநுனியை அந்த வட்டத்தின் உட்சுவரில் ஓடவிடுங்கள். இங்கே 0.1 மி.மீ.க்குள் இருப்பது நல்லது.

பலரும் தவறும் இடம் இதுதான்: போல்ட் இறுக்கிப் பிடிக்குமே தவிர மையம் காட்டாது. போல்ட் துளையில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அடாப்டர் பிளேட்டில் இரண்டு டவல் பின் (இடைவெளியின்றிப் பொருந்தி இடத்தை நிலைநிறுத்தும் ஊசி) அடித்தே தீர வேண்டும். அதிர்வோடு ஓட்டினால் முதலில் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் ஊளையிடும், பிறகு கிளட்ச் தட்டின் பல் தேயும்.

பழைய எஞ்சினை இன்னும் இறக்காதவர்கள் கவனிக்க: எஞ்சின் முகப்பிலிருந்து ஃப்ளைவீல் முகம் வரையான தூரத்தை அளந்து எழுதி வையுங்கள். புதிய அமைப்பில் அதே தூரம் வராவிட்டால் கிளட்ச் சரியாக விடாது.

கேள்வி: சாவியைத் திருப்பியதும் 'டப்' என்று சத்தம் வந்தது. இப்போது சாவியை அணைத்தாலும் கான்டாக்டர் (பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் பெரிய மின்காந்த சுவிட்ச்) விடவில்லை.

பதில்: அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குள் பெரிய மின்தேக்கி உண்டு. வெறுமையாக இருக்கும் அதை நேரடியாக 144 வோல்ட்டில் இணைத்தால் ஒரு கணம் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயலாம். அதைத் தடுக்கத்தான் மின்தேக்கியை முதலில் மெதுவாக நிரப்பும் முன்சார்ஜ் மின்தடை. 2000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி என்றால், 220 ஓம், 25 வாட் கம்பிச்சுற்று மின்தடை வழியாகச் சுமார் 2.2 விநாடியில் 99 சதவீதம் நிரம்பிவிடும். நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். கன்ட்ரோலர் முனையில் 95 சதவீத வோல்ட் வந்த பிறகே முதன்மை கான்டாக்டர் மூட வேண்டும். 144 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் டி.சி. டு டி.சி. கன்வெர்ட்டரும் அதே முனையில் இணைந்திருந்தால் அது இடையில் மின்சாரத்தை இழுக்கும், வோல்ட் ஏறவே ஏறாது, மின்தடை கருகும். அதை முன்சார்ஜ் முடிந்த பிறகு இயக்குங்கள்.

பழுது பார்க்குமுன் பேட்டரித் தொடரின் நடுவிலுள்ள சர்வீஸ் பிளக்கை (தொடரைத் துண்டிக்கும் செருகி) கழற்றி, மின்தேக்கி வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பாருங்கள். ஃப்யூஸும் கான்டாக்டரும் நேர்மின்சாரத்துக்கென்றே (டி.சி.) செய்தவையாக, உங்கள் வோல்ட்டுக்கு ஏற்றவையாக இருக்கட்டும். வீட்டு மாறுமின்சார (ஏ.சி.) ஃப்யூஸில் மின்பொறி அணையாமல் நின்று எரியும்.

கேள்வி: பிரேக் பெடல் கல்லாக இருக்கிறதே?

பதில்: பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுத்தது எஞ்சின். அது போனதால் 12 வோல்ட் வாக்குவம் பம்ப், சிறு சேமிப்புக் கலன், அழுத்த சுவிட்ச் மூன்றும் வேண்டும். அதுவரை சாலையில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: 12 வோல்ட்டின் நெகட்டிவை பாடியில் இணைக்கிறோம். 144 வோல்ட்டையும் அப்படிச் செய்தால் கேபிள் மிச்சமாகுமே?

பதில்: கூடவே கூடாது. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் ஆளைக் கொல்லக்கூடியது. இரு முனைகளும் பாடியைத் தொடாமல் இருந்தால், ஓரிடத்தில் கசிவு வந்தாலும் மின்சாரம் சுற்றி வர வழியில்லை. பாடியில் ஒரு முனையைக் கட்டிவிட்டால் மறுமுனையின் முதல் கசிவே ஷார்ட் சர்க்யூட்.

சோதிக்கும்போது கன்ட்ரோலர், பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை), சார்ஜர், கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, கேபிளுக்கும் பாடிக்கும் இடையே 500 வோல்ட் மெகரால் (மின்காப்புத் தடையை அளக்கும் கருவி) அளங்கள். பிரிக்காமல் அளந்தால் அவை போய்விடும். வோல்ட்டுக்கு 100 ஓம் என்பது குறைந்தபட்ச அளவு, அதாவது 14,400 ஓம். ஒழுங்காகக் கட்டிய காரில் மெகா ஓம் கணக்கில் வரும். பிரஷ் உள்ள மோட்டாரில் அளவு மாதா மாதம் குறைந்துகொண்டே வந்தால் உள்ளே படியும் கார்பன் தூளே காரணம். உலர்ந்த காற்றால் ஊதிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளங்கள்.