ஏற்காட்டுக் குளிரில் ஏடிவி: கனடா யோசனை இங்கே எடுபடுமா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. சேலத்தில் பழைய 250 சிசி ஸ்போர்ட் ஏடிவி (கரடுமுரடான பாதைக்கான நாலு சக்கர வண்டி) ஒன்றை வாங்கி மேலே கொண்டுவந்தோம். கார்புரேட்டர், செல்ஃப், செயின் உள்ள வண்டி. மார்கழி, தை மாதக் காலைகளில் ஸ்டார்ட் ஆவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. சில நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோய், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது. கனடாவில் பனியில் ஏடிவி ஓட்டும் என் சித்தப்பா மகன் கடுங்குளிரிலும் இளகி ஓடும் 0டபிள்யூ-40 ஆயில், ரேடியேட்டர் நீர் உறையாமல் இருக்க ஆன்டிஃப்ரீஸ், பேட்டரிக்கு ஹீட்டர் எல்லாம் போடச் சொல்கிறான். தேவைதானா?

பதில்: அவர் ஊருக்கு அவர் சொல்வது சரி. அங்கே மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரியில் ஆயில் கூழாகும், பேட்டரியின் பலம் பாதியாகும், நனைந்த பிரேக்கும் ஆக்சிலேட்டர் கேபிளும் ராத்திரியில் உறைந்து இறுகிவிடும். ஏற்காட்டில் விடியற்காலையில் பத்து, பன்னிரண்டு டிகிரி இருந்தால் அதிகம் குளிர்கிறது என்போம். இந்தக் குளிரால் எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. உங்கள் வண்டியைப் படுத்துவது ஊரின் உயரமும் மூடுபனியின் ஈரமும்தான்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி பூசியதுபோல் கறுப்பாக இருந்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். மேலே காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. கீழே டியூன் செய்த கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலைத்தான் ஊற்றும். அதற்கு ஏற்ற காற்று இருக்காது, சரியாக எரியாத பெட்ரோல் பிளக்கில் கரியாகப் படியும். மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) ஓர் அளவு சிறியதாக்கி, ஐட்லிங் ஸ்குரூவை மேலே வைத்தே சரிசெய்யச் சொல்லுங்கள். அதற்கு மெக்கானிக்கைத் தோட்டத்துக்கு வரவழைப்பதுதான் முறை. பிறகு வண்டியைச் சேலத்துக்கு இறக்கினால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட வேண்டும்; இல்லையென்றால் எஞ்சின் சூடேறும்.

ஸ்டார்ட் செய்யும்போது பலரும் சோக்கை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரையும் முறுக்குவார்கள், அல்லது கட்டைவிரலால் அழுத்துவார்கள். இவ்வகைக் கார்புரேட்டரில் பெரும்பாலும் சோக் என்பது தனியாக ஒரு பெட்ரோல் வழி. ஆக்சிலேட்டர் மூடியிருந்தால்தான் அதில் உறிஞ்சல் கிடைக்கும். திறந்தால் சோக் போட்டதே வீண். ஆகவே சோக் முழுதாக, ஆக்சிலேட்டரில் கையே வைக்காமல், ஐந்து விநாடி செல்ஃப், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து விநாடி. பெட்ரோல் வாசனை தூக்கினால் எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று பொருள். அப்போது மட்டும் சோக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து சுற்றுங்கள்.

ஓடும்போதே நிற்பது சுவாரசியமான கோளாறு. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் தொண்டை வெளிக்காற்றைவிட நன்றாகக் குளிர்ந்துவிடும். வெளியே பத்து டிகிரி, காற்று முழுக்க மூடுபனி என்றால் அந்த ஈரம் உள்ளே ஐஸாகப் படிந்து வழியை அடைக்கலாம். வண்டி நின்றதும் எஞ்சின் சூட்டில் ஐஸ் உருகும், தானாகச் சரியாகும். கடுங்குளிரில் காற்று வறண்டிருப்பதால் கனடாவைவிட நம் மலைக்குத்தான் இது பொருத்தமான வியாதி! ஆனால் உடனே இதுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். அடுத்த முறை நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை சேற்றில் அடைத்திருக்கிறது. அடுத்து, கார்புரேட்டர் அடியில் உள்ள வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தி, கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் அதுவும் காரணமாக இருக்கலாம். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதபோது டேங்கை நிரப்பி வையுங்கள், கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.

சரி, ஆயில். 10டபிள்யூ-40 இந்தக் குளிருக்குத் தாராளம். 0டபிள்யூ தேவையில்லை. பைக் ஆயிலுக்கான 'ஜாஸோ எம்ஏ' என்ற தரக் குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கார் ஆயிலை ஊற்றினால், எஞ்சின் ஆயிலில் நனைந்தே இயங்கும் ஈரக் கிளட்ச் வழுக்கலாம். வீட்டிலிருந்து களத்துக்கு ஐந்து நிமிடம், திரும்ப ஐந்து நிமிடம் என்றே ஓட்டினால் எஞ்சின் சூடாகாது, உள்ளே ஈரம் தங்கி ஆயில் பால் விட்ட காப்பியாக மாறும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். ஆன்டிஃப்ரீஸ், ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால் மட்டும். அதுவும் உறைவுக்காக இல்லை, துருவுக்காக. பேட்டரிக்கு ஹீட்டர் வேண்டாம். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள், டெர்மினலில் வாசலின் தடவுங்கள்.

கனடாத் தம்பி சொல்லாமல் விட்டது டயர். ஏடிவி டயருக்கு நாலைந்து பிஎஸ்ஐதான் காற்று. பத்து டிகிரி குளிர்ந்தால் அரை பிஎஸ்ஐக்கு மேல் குறையும். பெட்ரோல் பங்க் மீட்டரில் இது தெரியாது. குறைந்த அழுத்த மீட்டர் வாங்கிக் காலையில் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கட்டும். செம்மண் சேறு அப்பிய செயினை அன்றே துடைத்து, சூடு இருக்கும்போதே எண்ணெய் விடுங்கள். வாட்டர் சர்வீஸில் பேரிங் மீது நேராகப் பீய்ச்ச விடாதீர்கள்.

ஓட்டுவதில், பனிக்கும் நம் ஈரச் செம்மண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பின் இரு சக்கரமும் ஒரே ஆக்ஸிலில் சேர்ந்து சுற்றுவதால் வளைவில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். வேகத்தை முன்பே குறைத்து, உடம்பை உள்பக்கம் சாய்த்துத் திருப்புங்கள். சில்வர் ஓக் சருகு நனைந்து கிடக்கும் இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பின் பிரேக்கை இறுக்கினால் வால் முந்திக்கொண்டு வரும். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் ஆளைப் பின்னால் ஏற்றுவதை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்போர்ட் ஏடிவி ஒருவருக்கான வண்டி, கூடுதல் எடையில் ஏற்றத்தில் பின்பக்கமாகக் கவிழும். பதிவு எண் இல்லாவிட்டால் தோட்டத்து எல்லைக்குள் மட்டும் ஓட்டுங்கள், மூடுபனியில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு. காட்டெருமைகள் காலையில் தோட்டத்துப் பாதைகளில்தான் நிற்கும்.